பதினோராவது சத்தம்

குண்டடத்துக்கு மேற்கே, நூற்று முப்பதடிக் கிணறு.
திரி வைத்தது பதினோரு குழிக்கு.
புங்க மரத்தடியில் ஐந்து பேரும்
விரல் மடக்கி எண்ணினோம்.
பத்து.
அதற்கப்புறம் காற்றாலை சுற்றுகிற சத்தம் மட்டும்.

ஏதோ சொல்ல வாயெடுத்து
நிறுத்திக்கொண்டவர் மாதிரி
திறந்து கிடந்தது கிணறு.

முன்பெல்லாம் அரைமணி பொறுத்து
ஓர் ஆள் இறங்குவார்.
யார் என்று யாரும் சொல்வதில்லை.
எல்லோரும் ஒருவரைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.
அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் எல்லாம்
ஒரே தெருவில் குடியிருந்தார்கள் என்பது
யாரும் சொல்லாத இன்னொன்று.

இப்போது நண்டு இறங்குகிறது.
கணபதியில் ஒரு பட்டறையில் செய்தது.
ஆறு சக்கரம், கல் புரட்ட ஒரு கை,
புகையை முகர ஒரு மூக்கு, நெற்றியில் விளக்கு.
நண்டு என்று பேர் வைத்தது நாச்சான்.
ஓட்டுவது நான்,
டிப்ளமோ முடித்து மூன்று வருஷம்;
எந்தக் கிணற்றின் அடியும்
எனக்குத் திரையில்தான் தெரியும்.

கிரேன் கயிறு விட்டது.
புதிதாய்ப் பிளந்த வெள்ளைக்கல்,
புறா இறகு ஒன்று,
திரையின் ஓரத்தில் சிவப்பாய் ஓர் எண்.
அந்த எண்ணை முன்பு
ஒருவரின் தலைசுற்றல் சொல்லியிருக்கும்.

எட்டுக் குழி பார்த்தாகிவிட்டது.
ஒன்பதில் கல் சரிந்தது.
திரையில் வானம்
பக்கவாட்டில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு.
சக்கரம் ஆறும் சும்மா சுற்றின.
நிறுத்தினேன்.

“பதினாலு லட்சம் அம்மிணி,” என்றார் துரைராசு.
“லோனே இன்னும் முடியல.”
அவர் யாரையும் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார்.
மற்றவர்கள் பார்த்தார்கள்.
நாச்சான் அதற்குள்
துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்றேன்.
சொன்னது கிரேன் மோட்டாருக்கு அடியில் போயிற்று.
மறுபடி சொன்னேன்.
எண் பச்சைக்கு வரும்வரை நாற்பது நிமிஷம்
பேரம் பேசி வாங்க முடிந்தது.
என் படிப்புக்கு அன்றைக்கு அவ்வளவுதான் விலை.

திரையில் முதலில் குதிகால் வந்தது, வெடிப்புகளோடு.
பிறகு முழங்கால்.
பிறகு திரை முழுக்க முகம்.
துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.
“தெரியுதுங்களா?”
நண்டுக்குக் காது உண்டு, வாய் கிடையாது.
விளக்கை அணைத்துப் போட்டேன், இரண்டு தடவை.
இருட்டுக்குள் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடைக்கோழிக்கு அடியில் கைவிட்டு
முட்டை எடுப்பது போல
ஒவ்வொரு கல்லாய் எடுத்தார்.
நாலாவது கல்லுக்கடியில்
பாதி எரிந்து கறுத்த திரி,
ஒரு சாண்.
அவரும் நானும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.
அவர் மூச்சு விடுவது ஹெட்போனில் நின்றது.
என்னுடையதும் நின்றிருக்க வேண்டும்.

கல்லை, எடுத்த மாதிரியே, வேறோர் இடத்தில் வைத்தார்.
கொக்கியை நண்டின் முதுகில் மாட்டினார்.
“இத மொதல்ல ஏத்துங்கோ.”
ஒற்றைக் கொக்கி. ஒற்றைக் கயிறு.
மேலே இருந்து எவரும்
இல்லை, நீ முதலில் வா என்று கத்தவில்லை.
நானும்தான்.

நண்டு தலைகீழாய்த் தொங்கி ஏறியது.
திரையில் நாச்சான் சிறிதானார்.
ஆள் அளவு, பிள்ளை அளவு,
பிறகு வெள்ளைக்கல்லின் மேல் ஒரு டார்ச் புள்ளி,
அதற்கு மூன்றடி தள்ளி, எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில்,
அந்தத் திரி.

நண்டை இறக்கிப் படுக்கவைத்தார்கள்.
ஒருவர் ஈரத்துணியால் துடைத்தார்.
துரைராசு அதன் கையை ஆட்டிப் பார்த்தார்.

வெறுங்கயிறு திரும்ப இறங்க ஆரம்பித்தது.
ஆடிக்காற்றில் கொக்கி பக்கச்சுவரில் இடித்தது,
மறுபடி இடித்தது.

நான் எண்ணினேன்.
பத்து வரை.
பிறகு மறுபடி
ஒன்றிலிருந்து.